மெலியச் சொல்லும் பட்டியலில் மீன் எங்கே? சஞ்சிகை டயட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணம், சாமத்தியவீடு, வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரர் என்று ஏதாவது ஒன்று நெருங்கினால் யாழ்ப்பாணத்து வீடுகளில் மெலிகிற பேச்சு தொடங்கிவிடும். கூடவே ஒரு பட்டியலும் வந்துவிடும். சென்னையில் அச்சாகி இங்கே கடைக்கு வரும் மகளிர் சஞ்சிகையில் வெட்டியதாக இருக்கும், ஞாயிறு பத்திரிகையின் பெண்கள் பக்கமாக இருக்கும், இல்லாவிட்டால் அதில் ஒன்றைப் படமெடுத்து மச்சாள் வைபரில் அனுப்பியதாக இருக்கும். தலைப்பு மட்டும் பெரிதாக மாறுவதில்லை: ஏழு நாளில் ஐந்து கிலோ.

மெலிய நினைப்பதில் பிழை இல்லை. தெற்காசியர்களான எங்களுக்கு மற்றவர்களை விடக் குறைந்த நிறையிலேயே சலரோகமும் இருதய நோயும் வருகின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல், ஆசிய மக்கள் உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் BMI) 23 ஐத் தாண்டும்போதே கவனமெடுக்க வேண்டும் என்று சொன்னது. பொதுவாகச் சொல்லப்படும் அளவு 25. ஐந்தடி உயரமான பெண்ணுக்கு 23 என்பது ஏறத்தாழ 53 கிலோ. வயிற்றுச் சுற்றளவு என்றால் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை. இந்த அளவுகளைத் தாண்டியவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்கள் கொஞ்சம் நிறை குறைப்பது நல்லதுதான்.

என் மனத்தாங்கல் அந்தப் பட்டியல்களோடுதான். அவை எதை விட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. விட்டதோடு சேர்ந்து போன சத்து எங்கிருந்து திரும்பி வரும் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. மாதாமாதம் இரத்தம் இழக்கிற, பிள்ளை பெறுகிற, ஐம்பது வயதுக்குப் பிறகு எலும்பு மெலிகிற உடம்புக்கு அந்த விடுபடல் சின்ன விஷயம் இல்லை.

பட்டியலைக் கணக்குப் பார்க்காமல் தொடங்குவது

இந்த வகைப் பட்டியலின் ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம். காலையில் கிரீன் ரீ. அப்புறம் 30 கிராம் ஓட்ஸ், அரைக் கப் ஆடை நீக்கிய பால். பதினொரு மணிக்கு ஒரு அப்பிள். மதியம் ஒரு கிண்ணம் மரக்கறி சூப், வெள்ளரிக்காயும் தக்காளியும் வெட்டிய சலட், இரண்டு அவித்த முட்டையின் வெள்ளைக்கரு. பின்னேரம் மறுபடி கிரீன் ரீ. இரவு இரண்டு துண்டு தவிட்டுப் பாண், ஒரு கிண்ணம் பப்பாசிப்பழம். பார்க்க அழகான பட்டியல். இதில் கெட்ட சாப்பாடு என்று ஒன்றுகூட இல்லை.

கூட்டிப் பார்த்தால் முழு நாளுக்கும் 550 முதல் 600 கலோரி வரைதான் வருகிறது. ஒரு நாளைக்கு 800 கலோரிக்குக் கீழே போகும் உணவுமுறையை மருத்துவத்தில் மிகக் குறைந்த கலோரி உணவு என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டொக்டரின் நேரடிக் கண்காணிப்பில், சத்துகள் சேர்த்துத் தயாரித்த மா வகைகளோடு, சிலருக்கு மட்டும் கொடுப்பது அது. அதைவிடக் குறைவான ஒன்றுதான் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கோலப் பக்கத்துக்கும் சமையல் பக்கத்துக்கும் நடுவில் அச்சாகி வருகிறது.

கலோரியை விடுங்கள், மெலிய அதைக் குறைக்கத்தானே வேண்டும் என்று சொல்லலாம். சரி, மற்றதைப் பார்ப்போம். அந்த நாளில் கிடைக்கும் புரதம் ஏறக்குறைய 25 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரை 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் புரதம் கேட்கிறது. இரும்புச்சத்து ஐந்தாறு மில்லிகிராம். அதே பரிந்துரையில் பெண்ணுக்கு 29, ஆணுக்கு 19. கல்சியம் 300 மில்லிகிராம் அளவில் நிற்கிறது, தேவை 1000.

புரதத்தில் பாதி, கல்சியத்தில் மூன்றில் ஒன்று, இரும்பில் ஐந்தில் ஒன்று. இப்படி ஒரு கிழமை இருந்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும், அதற்குச் சேமிப்பு இருக்கிறது. ஆனால் இந்த டயட்டுகளை ஒரு கிழமையோடு விடுகிறவர்கள் குறைவு. குறைந்தது திரும்பி ஏறியதும் இன்னொரு கிழமை, பிறகு இன்னொரு சஞ்சிகையின் இன்னொரு பட்டியல் என்று வருடக்கணக்கில் போகும். அந்த வருடங்களில் ஒரு நாளாவது இரும்பை எண்ணியிருக்க மாட்டார்கள்.

இரும்பு குறைந்த பெண் படி ஏறினால் களைப்பாள், தலை சுற்றும், எரிச்சல் வரும். மெலிகிறோம், அதுதான் இப்படி என்று அதையே டயட் வேலை செய்வதன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை. களைப்பைத் தாங்கிக்கொண்டு டயட்டைத் தொடர்வதற்கு முன் அந்த ஒரு பரிசோதனையைச் செய்து பாருங்கள்.

முடி கொட்டுவதும் இப்படித்தான். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் முடி உடனே கொட்டாது; இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தலைவாரும் சீப்பில் தெரியும். அதற்குள் டயட் பிடித்ததே மறந்துபோயிருக்கும். தண்ணீர் சரியில்லை, ஷாம்பூ சரியில்லை என்று காரணம் தேடுவார்கள். மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் அதே கணக்கில் வருபவை. வருகிற சக்தி போதவில்லை என்று கண்டால் உடம்பு முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் அதுவும் ஒன்று.

முதல் கிழமைக் குறைவைக் கொழுப்பு என்று நம்புவது

“சூப்பும் சலட்டும்தான் அக்கா, வேற ஒண்டும் இல்லை. முதல் கிழமையே மூண்டு கிலோ குறைஞ்சிட்டுது.” சுன்னாகம் சந்தையில் கோவா வாங்க நின்ற ஒரு தங்கச்சி என்னிடம் சந்தோசமாகச் சொன்னது. தராசு பொய் சொல்லவில்லை. குறைந்தது என்ன என்பதுதான் கேள்வி.

எங்கள் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாச்சத்து சேமிப்பில் இருக்கிறது, ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று நான்கு கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறும் பிட்டும் நின்ற முதல் சில நாளில் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். அதுவே ஒன்றரை இரண்டு கிலோ. குடலில் சாப்பாடு குறைந்ததில் இன்னும் கொஞ்சம். கல்யாண வீட்டில் ஒரு நேரம் வயிறாரச் சோறு சாப்பிட்டால் அது திரும்பத் தொடங்கும். அப்போது இவள் தன்னையே நொந்துகொள்வாள், தனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஐந்து கிலோ கொழுப்பு ஏழு நாளில் குறைய முடியுமா என்பதை ஒரு கடதாசியிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் நாளைக்கு 1800 கலோரி செலவழிக்கிறாள் என்று வைப்போம். ஏழு நாளும் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடாமல் இருந்தாலும் 12,600 கலோரிதான் செலவாகும். அது 1.6 கிலோ கொழுப்பு. பட்டினி கிடந்தாலே இவ்வளவுதான் என்றால், பழமும் சூப்பும் சாப்பிட்டு ஐந்து கிலோ எப்படிக் குறையும்? மிச்சம் தண்ணீரும், புரதம் போதாமல் கரைந்த தசையும்தான். தசை போனால் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியும் குறைகிறது. அடுத்த தடவை மெலிவது இன்னும் கஷ்டமாகிறது.

ஜெனரல் மோட்டர்ஸ் டயட் என்று ஒன்று பல வருடங்களாகத் தமிழ்ச் சஞ்சிகைகளிலும் கைபேசிகளிலும் சுற்றுகிறது. முதல் நாள் பழம் மட்டும், இரண்டாம் நாள் மரக்கறி மட்டும், நாலாம் நாள் வாழைப்பழமும் பாலும் என்று போகும் அது. அமெரிக்காவின் கார்க் கொம்பனி தன் ஊழியர்களுக்காகத் தயாரித்தது என்ற கதையும் கூடவே வரும். அந்தக் கொம்பனிக்கும் இதற்கும் தொடர்பு இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. முதல் நாளில் ஒன்றரைக் கிலோ பப்பாசி சாப்பிட்டாலும் புரதம் 10 கிராமைத் தொடாது. பெரிய பெயர் ஒட்டியிருக்கிறது என்பதற்காக ஒரு பட்டியலை நம்ப வேண்டியதில்லை.

வேகமாக மெலிவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, பலருக்குத் தெரியாதது: பித்தப்பைக் கல். கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைகிறவர்களுக்கு அது வரும் வாய்ப்புக் கூடுகிறது. பித்தப்பைக் கல் ஏற்கெனவே ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கிழமைக்கு அரைக் கிலோ, கூடினால் ஒரு கிலோ என்பதுதான் பொதுவாக மருத்துவர்கள் ஏற்கும் வேகம். அந்த வேகத்தை எந்தச் சஞ்சிகையும் அட்டையில் போடாது.

கிடைக்காததை விட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது

யாழ்ப்பாணத்தில் இந்த டயட்டுகள் கூடுதலாகக் கெடுவது இந்த இடத்தில் என்று நினைக்கிறேன். பட்டியல் எழுதியவருக்கு பனீர் தெருக்கோடிக் கடையில் கிடைக்கும். சோயா டோஃபு, பாதாம், சியா விதை, சமன் மீன், புரொக்கோலி எல்லாம் அவர் பட்டியலில் வரும். இங்கே அவற்றில் பாதி கிடைக்காது. கிடைப்பதன் விலையைக் கேட்டால் திரும்பி வந்துவிடுவோம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பால்மாவையே பல வீடுகளில் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அதனால் என்ன நடக்கிறது? பனீர் இல்லை, அந்த வரியை விடு. பாதாம் விலை, அதையும் விடு. பாலுக்குப் பதில் பிளேன்ரீ. மிஞ்சுவது கோவா சூப், வெள்ளரிக்காய், இரண்டு துண்டுப் பாண். பட்டியலில் புரதமும் கல்சியமும் கொஞ்சமாவது இருந்தது அந்தப் பனீரிலும் பாலிலும் பாதாமிலும்தான். விலை கூடியதையெல்லாம் வெட்டியபோது சத்துள்ளதையெல்லாம் வெட்டியாகிவிட்டது. ஏற்கெனவே குறைவான ஒரு பட்டியல் எங்கள் கைக்கு வரும்போது அதிலும் பாதியாகிறது.

ஒன்று கிடைக்கவில்லை என்றால் அது அந்தப் பட்டியலில் என்ன வேலைக்காக இருந்தது என்று கேளுங்கள். பனீர் இருந்தது புரதத்துக்கும் கல்சியத்துக்கும். அந்த வேலையைச் செய்ய பாசையூரிலும் குருநகரிலும் காலையில் வந்திறங்கும் சூடையும் நெத்தலியும் போதும். சின்ன மீனை முள்ளோடு மென்று சாப்பிடும்போது கல்சியமும் சேர்ந்தே வருகிறது. பெரிய மீனின் துண்டில் அது இல்லை. சூடை மலிவு மீன் என்பதால் விருந்தாளிக்கு வைக்கக் கூச்சப்படுகிறோம். சமனில் இருக்கிறது என்று சஞ்சிகைகள் புகழும் ஒமேகா 3 கொழுப்பு இந்தச் சின்னக் கடல்மீன்களிலும் இருக்கிறது. புரொக்கோலி செய்யும் வேலையை முருங்கையிலை தாராளமாகச் செய்யும். வேலியில் நிற்கிற மரம், காசும் இல்லை. பாதாமுக்குப் பதில் ஒரு பிடி கச்சான், பொரித்ததை விட்டு வறுத்தது. ஓட்ஸுக்குப் பதில் குரக்கன். 100 கிராம் குரக்கன் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, ஓட்ஸில் அதில் ஆறில் ஒரு பங்குகூட வராது.

சோறும் தேங்காயும் எதிரிகள் என்று முடிவெடுப்பது

சோற்றை முழுதாக விடு என்று சொல்லிவிட்டுப் பாணும் சப்பாத்தியும் கொடுக்கும் பட்டியல்களில் பெரிய அர்த்தம் இல்லை. மாச்சத்து மாச்சத்துதான். எங்கள் சோற்றுக்கோப்பையின் பிழை அதன் அளவில் இருக்கிறது. ஒரு குவியல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் கறி, அதிலும் மீன் துண்டு ஆம்பிளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் போய், சமைத்தவளுக்கு மிஞ்சுவது குழம்பு. இந்தக் கடைசி வசனத்தை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். பல வீடுகளில் பெண்ணின் சாப்பாட்டில் புரதம் குறைவது டயட் தொடங்க முன்பே நடக்கிறது. அந்த நிலையில் இருக்கிறவள் மேலும் குறைத்தால் எங்கே போவாள்?

ஆகவே சோற்றைப் பாதியாக்குங்கள், அந்த இடத்தில் மீனும் பருப்பும் வறையும் வரட்டும். புழுங்கல் சிவப்பரிசி என்றால் இன்னும் நல்லது. பசி மெதுவாக வரும். குரக்கன் என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடவும் கூடாது. ஒரு நீத்துப்பெட்டி நிறையக் குரக்கன் பிட்டு, அதில் தேங்காய்ப்பூ, சீனி, கதலிப்பழம் என்றால் அது மெலிகிற சாப்பாடு இல்லை.

தேங்காயை ஒரேயடியாக விலக்கச் சொல்வதும் சரியாகப் படவில்லை. முருங்கையிலையிலும் கரட்டிலும் பூசணியிலும் இருக்கிற விற்றமின் ஏ சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள கொஞ்சம் கொழுப்பு வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாத சலட்டில் அதில் பெரும்பகுதி வீணாகிறது. வறைக்கு ஒரு பிடி தேங்காய்ப்பூ போடுகிற எங்கள் வழக்கம் நல்ல வழக்கம். முதற்பாலில் கட்டியாகக் காய்ச்சும் சொதியை இரண்டாம் பாலில் தண்ணியாக வையுங்கள். பொரியலைக் கிழமைக்கு ஒருநாள் ஆக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது, குறைக்க இடம் இருப்பது அங்கேதான்.

விரதத்தோடு டயட்டைச் சேர்த்துப் பிடிப்பது

நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை. அப்புறம் கேதாரகௌரி விரதம் 21 நாள், கந்தசஷ்டி ஆறு நாள், இடையில் செவ்வாய், வெள்ளி. இப்படியே சாப்பாடு குறைகிறது, இந்த நேரத்தில் டயட்டையும் தொடங்கினால் கெதியாக மெலியலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விரதத்தை நான் குறை சொல்லவில்லை, அது மனசின் விஷயம். ஆனால் மீனும் முட்டையும் இல்லாத நாட்களில் புரதமும் இரும்பும் பருப்பிலும் பயறிலும் கௌப்பியிலும் கீரையிலும் இருந்துதான் வர வேண்டும். சஞ்சிகைப் பட்டியல் அவற்றையும் “மாச்சத்து” என்று குறைத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒரு நேரம் மட்டும் சாப்பிடும் விரதம் என்றால் அந்த ஒரு நேரத்தில் பருப்பு, கீரை வறை, தயிர் மூன்றும் இருக்கட்டும். டயட்டுக்கு விரதம் முடிந்த பிறகு நாள் பாருங்கள்.

முழுச் சைவக்காரர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விற்றமின் பி12 மச்ச உணவுகளிலும் முட்டையிலும் பாலிலும்தான் இயற்கையாகக் கிடைக்கிறது. கொழுப்பு என்று பாலையும் தயிரையும் வெட்டிவிட்டால் அதற்கு வேறு வழி இல்லை. சலரோகத்துக்கு மெற்ஃபோமின் நீண்டகாலம் எடுக்கிறவர்களுக்கு பி12 மேலும் குறையலாம்.

தேத்தண்ணியும் சாறும்

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது, அது கிரீன் ரீயாக இருந்தாலும், மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைப் பாதிக்கு மேலும் குறைத்துவிடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். வறையில் தேசிக்காய் பிழிந்தால் அதற்கு நேர் எதிரான வேலை நடக்கும், இரும்பு கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டாலும் அப்படியே.

உடம்பைக் கழுவும் சாறு என்று வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்வதை நம்பாதீர்கள். கழுவும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே பார்க்கின்றன. காமரங்கா, பிலிம்பிக்காய் இரண்டையும் சாறாக நிறையக் குடித்து சிறுநீரகம் பழுதாகி வைத்தியசாலைக்கு வந்தவர்கள் இலங்கையிலும் கேரளத்திலும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். அவற்றில் உள்ள ஒக்சலேற்று என்ற உப்பு சிறுநீரகத்தில் போய்ப் படிவதுதான் காரணம். கறியில் புளிக்காக ஒன்றிரண்டு போடுவது வேறு, வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் சாறு வேறு. சலரோகக்காரர் அந்தப் பக்கமே போகக்கூடாது.

யார் இந்தப் பட்டியல்களைத் தொடவே கூடாது

பதின்வயதுப் பிள்ளைகள் முதலில். பெரியபிள்ளை ஆனதும் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து எலும்புக்குப் பலம் சேர்க்கிறோம். இரண்டு வருடம் போக, அதே பிள்ளை குண்டாக இருக்கிறாள் என்று சொந்தக்காரர் ஒருவர் வாய்விட, அவள் மதியச் சாப்பாட்டை விடத் தொடங்குகிறாள். வாழ்நாளுக்கான எலும்புத் திணிவில் 90 வீதம் அளவு இருபது வயதுக்குள் சேர்ந்து முடிந்துவிடும். பிறகு சேர்க்க அவ்வளவு இடம் கிடையாது. பிள்ளையின் உடம்பைப் பற்றி அவள் முன்னால் பேசுவதை நிறுத்துங்கள் என்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிள்ளை கண்ணாடி முன்னால் அழுவதையும் சாப்பிட்டதை ஒளித்து வாந்தியெடுப்பதையும் கண்டால் அது டயட் இல்லை, நோய். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கல்யாணப் பெண்கள் அடுத்து. கூறைச்சேலையில் படம் அழகாக வர வேண்டும் என்று மூன்று மாதம் பட்டினி கிடந்து, கல்யாணமான மாதமே கர்ப்பமாகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தையின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடித்தளமான குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. அதனால்தான் போலிக் அமிலக் குளிசையை, நாளுக்கு 400 மைக்கிரோகிராம், கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். கல்யாணம் நிச்சயமானதும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைப் பார்த்துக் கேளுங்கள்.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு வழக்கத்தைவிட நாளைக்கு 500 கலோரி அளவு கூடத் தேவை. பிரசவத்துக்குப் பின் முப்பது நாளில் வயிறு உள்ளே போகும் என்று எழுதியிருப்பதை அவர்கள் கண்ணில் காட்ட வேண்டாம். பத்தியக்கறியில் போடுகிற சின்ன மீனும் முருங்கையிலையும் அந்த நேரத்துக்குப் பொருத்தமானவை.

சலரோகத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக்கினால், கிளிக்ளசைட் போன்ற குளிசைகளோடு இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், மயங்கி விழலாம். பிறஷருக்குக் குளிசை எடுக்கிறவர்களும் மெலியத் தொடங்கினால் அளவை மாற்ற வேண்டிவரலாம். 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. அங்கே நிறை, பிறஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். டயட் தொடங்குவதற்கு முன் ஒருதடவை போய்வந்தால் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரியும்.

தராசு மட்டுமே அளவு என்று நினைப்பது

அமெரிக்காவில் 2002 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், சலரோகம் வரும் நிலையில் இருந்தவர்கள் உடல் நிறையில் 7 வீதம் குறைப்பதையும் கிழமைக்கு 150 நிமிடம் உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தபோது, சலரோகம் வருவது 58 வீதத்தால் குறைந்தது. 70 கிலோ பெண்ணுக்கு 7 வீதம் என்பது 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை ஏழு நாளில் இல்லை, மாதக்கணக்கில் குறைத்தார்கள். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சென்னையில் டொக்டர் ராமச்சந்திரன் குழு செய்து 2006 இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சலரோக ஆபத்து 28.5 வீதம் குறைந்தது, அதுவும் சராசரி நிறை பெரிதாகக் குறையாமலேயே. தராசு அசையவில்லை என்று மனம் விட்டுப்போகிற பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நடந்த நடை வீண்போகவில்லை.

சரி, அப்படியானால் எப்படித்தான் சாப்பிடுவது

முதலில் கணக்குப் பார்த்த சஞ்சிகை நாளுக்கு எதிரே எங்கள் அடுப்படியில் இருந்து ஒரு நாளை வைத்துப் பார்க்கலாம். காலையில் 60 கிராம் மாவில் குரக்கன் பிட்டு, சீனி இல்லாமல், கொஞ்சம் தேங்காய்ப்பூவோடு. ஒரு அவித்த முட்டை, மஞ்சள் கருவும் சேர்த்து. மதியம் 75 கிராம் சிவப்பரிசியில் ஆக்கிய சோறு, 100 கிராம் சூடைக் குழம்பு, முருங்கையிலை வறை, பருப்பு, பக்கத்தில் தேசிக்காய். பின்னேரம் சீனி இல்லாத தேத்தண்ணி. ஒரு மணித்தியாலம் கழித்து அவித்த கௌப்பி ஒரு சின்னக் கிண்ணம், ஒரு கொய்யாப்பழம். இரவு மூன்று இடியப்பம், தண்ணிச் சொதி, மரக்கறி ஒன்று, அரைக் கப் தயிர்.

சமையலுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயையும் சேர்த்துக் கூட்டினால் 1300 முதல் 1400 கலோரி வரை. வீட்டில் அதிகம் உட்கார்ந்திருக்கும் 55 கிலோ பெண்ணின் தேவை 1660 என்கிறது அந்த இந்தியப் பரிந்துரை. நிறை கூடியவருக்கு அது இன்னும் கூடும். ஆகவே இதிலும் மெலியலாம், மெதுவாக. புரதம் 55 கிராமைத் தாண்டுகிறது. இரும்பு 12 மில்லிகிராம் வரை, கல்சியம் 600க்கு மேல். இரண்டும் முழுத்தேவைக்கு இன்னும் குறைவுதான், ஆனால் சஞ்சிகை நாளைப்போல் இரண்டு மடங்கு. மெலிகிற காலத்தில் இரும்பு முழுதாகச் சாப்பாட்டில் கிடைப்பது கடினம் என்பதால் ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் டொக்டர் சொன்னபடி குளிசை எடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை என்றால் சூடையின் இடத்தில் கடலைக் கறியோ பயற்றங்கறியோ வரட்டும், தயிரை ஒரு கப் ஆக்குங்கள். முட்டையையும் விடுகிறவர்கள் காலைப் பிட்டோடு பயறு அவித்துச் சேர்க்கலாம். கிழமைக்கு ஒருதடவை ஒடியற்கூழ் காய்ச்சினால் அது ஒரு முழுச் சாப்பாடு: மீன், நண்டு, இறால், பயற்றங்காய், முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில். அன்று சோறு வேண்டாம், கூழை இரண்டு பிளா குடித்துவிட்டு எழும்புங்கள்.